கரை மடித்துத் தைத்தவள்

மகனே,

சுகம் விசாரித்துத் தொடங்கும் கடிதம் இல்லை இது. உன் சுகம் எனக்குத் தெரியும். காலையில் ஆறு தோசை சாப்பிட்டுவிட்டு, பயணத்துக்குச் சப்பாத்து வாங்க அப்பாவைக் கூட்டிக்கொண்டு போர்கோ வெக்கியோச் சந்தைப் பக்கம் போயிருக்கிறாய். நீங்கள் திரும்பி வருவதற்குள் இதை எழுதி முடித்து, உன் பெட்டியில் நீலச் சட்டைக்கு அடியில் வைத்துவிடுவேன். நாளைக்குப் பலெர்மோ ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் உன்னை ரயில் ஏற்றும்போது, "மெசினாவிலை பெட்டியைத் திற" என்று மட்டும் சொல்லுவேன். அங்கே ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலுக்குள் ஏற்றுவதற்கு வெகுநேரம் எடுக்கும். அதற்குள் வாசித்து முடித்துவிடலாம். நேரே முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கவேண்டிய விஷயம்தான். போன ஞாயிற்றுக்கிழமை அதற்கு வாய்ப்பும் வந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை.

அன்றைக்குப் பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். பிளோரன்ஸில் உன் பட்டறைக்குப் பழுதுபார்க்க வந்திருக்கும் பட்டைப் பற்றி நீ கதைக்கத் தொடங்கினாய். இருநூறு வருடத்துக்கு மேலான சீனத்துப் பட்டு, ஐரோப்பியப் பணக்கார வீடுகளுக்கென்றே கன்டனில் கையால் வரைந்து கப்பலேற்றி அனுப்பியது, கட்டிலைச் சுற்றித் தொங்கவிடும் திரை என்றாய். "நெய்த பூ இல்லை அம்மா, அச்சடிச்சதும் இல்லை. ஒவ்வொரு பூவும் ஆரோ ஒருத்தர் குந்தியிருந்து தூரிகையாலை கீறினது. ஒண்டைப் போலை இன்னொண்டு இல்லை" என்றாய். உனக்கு அந்த வேலையில் இருக்கும் ஆசையைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "நாலு துண்டு இருந்திருக்கவேணும். மூண்டுதான் இருக்கு. மற்றதை வீட்டு வேலைக்காரி ஒருத்தி களவெடுத்துப் போட்டாளாம். எங்கடை ஆக்களாம் அம்மா, தமிழ்ப் பொம்பிளையாம்! எங்கடை பட்டறை மாஸ்திரா எல்லாருக்கும் முன்னாலை சொல்லேக்கை எனக்கு வெக்கமாப் போச்சு." அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. நான் உன் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தேன். நீ சொதி கேட்டாய்.

அந்தத் தமிழ்ப் பொம்பிளை நான்தான். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் வேலை செய்த வீட்டு எசமானி சிஞ்ஞோரா ரோமுக்குக் குடிபோகிறா, அதனால் வேலை முடிந்துவிட்டது என்று உனக்குச் சொன்னோம். அவள் எங்கேயும் போகவில்லை. பொலித்தியாமா நாடக அரங்குக்குப் பின்பக்கத் தெருவில் அதே அரண்மனை வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறாள், நல்ல சுகமாக.

நான் நாலு வருடம் அந்த வீட்டில் வேலை செய்தேன். பதினான்கு அறை, அதில் ஒன்பது எப்போதும் பூட்டியிருக்கும். சிஞ்ஞோரா விதவை, பிள்ளைகள் இல்லை. என் பெயர் வாயில் நுழையவில்லை என்று முதல் நாளே "மரியா" ஆக்கிவிட்டாள். எனக்கு முன்னால் இருந்த பிலிப்பைன்ஸ் பெண்ணும் மரியாதானாம். பூட்டிய அறை ஒன்றில் நீளமான மரப்பெட்டிக்குள் உன் பட்டு இருந்தது. அவளுடைய தாயார் அவளுக்கும் ரோமில் இருக்கும் அக்காவுக்கும் பொதுவாக விட்டுப்போன சொத்து அது. நாலு துண்டு, இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்து இரண்டு திரை. தடி ஒன்றில் சுற்றி, மேலே பழைய படுக்கை விரிப்பைப் போர்த்து வைத்திருந்தார்கள். அறையைத் துடைக்கப் போனபோதெல்லாம் பெட்டியைத் திறந்து ஒரு முழம் விரித்துப் பார்ப்பேன். யாரும் எனக்கு அதைக் காட்டவில்லை, நானாகப் போய்ப் பார்த்தேன். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் விட்ட பிழை இது. ஒரு கோடைகாலம் அந்தத் தடியில் பூச்சி பிடித்து மரத்தூள் கொட்டியிருக்கக் கண்டேன். சிஞ்ஞோரா கடற்கரை வீட்டுக்குப் போயிருந்தாள். இவ்வளவு நல்ல பட்டைப் பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி வைத்திருக்கிறார்களே, இவர்களுக்குப் பட்டைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்கு ஒரு பெருமை. என் கூறைச் சேலையை நான் எப்படி வைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். உதறி, நிழலில் காற்றாட விட்டு, வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி வைப்பேன். ஒரே மடிப்பில் கிடந்தால் மடிப்போடு இற்றுப்போகும் என்று எடுக்கும்போதெல்லாம் மடிப்பை மாற்றுவேன். அதே கைப்பழக்கத்தில் அந்தத் திரைகளையும் தடியிலிருந்து கழற்றி, நாலாக மடித்து, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்தேன். மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றினேன், அதுவும் ஏதோ புண்ணியம் செய்வதாக நினைத்துக்கொண்டு.

கூறையில் பூ நூலோடு நூலாக இருக்கிறது. இதில் பூ துணிக்கு மேலே இருக்கிறது. அடியில் கெட்டியாக வெள்ளை பூசி அதன்மேல்தான் நிறம் தீட்டியிருக்கிறார்கள் என்று நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். எனக்கு அது எட்டு வருடத்துக்கு முன்பே என் விரலால் தெரியும். நாலாவது தரம் மடிப்பை மாற்ற விரித்தபோது, விரல் நுனியில் அரிசிமாவைப்போல வெள்ளை ஒட்டியது. மடித்த இடமெல்லாம் கோடு விழுந்து பூவிதழ்கள் வெடித்திருந்தன. நான் மடிப்பை மாற்ற மாற்றப் புதிது புதிதாக வெடித்திருக்கிறது. உடனே போய்ச் சொல்லியிருக்கவேண்டும். பயத்தில் பழையபடி சுற்றி வைத்துவிட்டு வந்து, மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. உன் வேலையில் எப்போதாவது கை தவறினால் அன்றைக்கே சொல்லிவிடு. மறைத்த பிழை உனக்கு வேண்டாதவன் கையில் போய்ச் சேரும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

சிஞ்ஞோரா அதை எப்போது கண்டாள் என்று தெரியாது. கண்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. இறந்தவர்கள் திருநாளுக்கு முந்தின வாரம் ஒரு பின்னேரம் காப்பி கொண்டுபோனேன். சன்னலடியில் இருந்து வெள்ளைப் பட்டொன்றின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு மேசை விரிப்பு, கைத்துடைப்பு எல்லாம் அவள் தைத்ததுதான். சிறுவயதில் கன்னியர் மடத்தில் பழகிய தையல். ஐந்து தையலுக்கு ஒருமுறை ஊசியைப் பின்னால் திருப்பி ஒரு முடிச்சுப் போடுவாள். "இதை இப்படி முடிக்கத் தெரிந்தவர்கள் பலெர்மோவிலேயே நானும் அக்காவும்தான், மரியா" என்று விருந்தாளிகளுக்கு முன்னால் என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு என்னைக் கண்டதும் துணியை மடியில் சுருட்டிக்கொண்டு, "இன்றைக்கு நேரத்தோடு வீட்டுக்குப் போ" என்றாள். நான் சந்தோஷத்தோடு கிளம்பினேன். கீழே, நீளமான கடதாசிக் குழாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய ஒருவருக்குத் தெருக்கதவைத் திறந்து பிடித்தேன். "கிராத்சியே" என்று தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். நாலாவது துண்டு என் கண் முன்னாலேயே, நான் திறந்து பிடித்த கதவு வழியாகத்தான் வெளியே போனது.

நத்தார்ப் பண்டிகைக்கு அக்கா ரோமிலிருந்து வந்தார். பொதுச் சொத்துக்களைப் பிரித்துக்கொள்ளும் பேச்சு. விருந்து மேசையை ஒதுக்கிவிட்டு அதன்மேல் பட்டை விரித்திருந்தார்கள். ஒரு திரைக்குப் பின்பக்கத்தை மூடிப் புதிதாக அஸ்தர் துணி பிடித்திருந்தது. சிஞ்ஞோரா என்னைக் கூப்பிட்டாள். குரல் தேனாக இருந்தது.

"மரியா, இந்த வெடிப்பெல்லாம் யார் வேலை?"

"நான்தான் சிஞ்ஞோரா. மடித்து வைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்."

"கேட்காமல் பெட்டியைத் திறந்தாயா?"

"சி, சிஞ்ஞோரா."

"பல தரம்?"

"சி, சிஞ்ஞோரா."

"அப்படியென்றால் நாலாவது துண்டு எங்கே?"

அந்த நிமிடம்தான் சன்னலடியில் இருந்த தையலும் கடதாசிக் குழாயும் எனக்குள் ஒன்றாகச் சேர்ந்தன. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். மூன்று தரம் ஆம் என்று தலையாட்டியவள் நாலாவதற்கு இல்லை என்றால் யார் நம்புவார்கள்? முதல் மூன்று கேள்வியையும் அவள் ஏன் அந்த வரிசையில் கேட்டாள் என்று அப்போதுதான் விளங்கியது. "எனக்குத் தெரியாது" என்றேன். என் காதுக்கே அது கள்ளியின் குரல் மாதிரித்தான் கேட்டது.

சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். "நான் குவெஸ்தூராவுக்கு, பொலிசுக்குப் போகமாட்டேன். உன் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க நீ என்னிடம் வேலை செய்கிறாய் என்ற கடிதமும் எழுதித் தருகிறேன். நீ சத்தமில்லாமல் போய்விடு" என்றாள். உன் பள்ளிக்கூடம், அப்பாவின் பத்திரங்கள் எல்லாம் என் வதிவிட அனுமதியை, அந்தப் பெர்மெஸ்ஸோவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றன. "வா பேனே, சிஞ்ஞோரா" என்றேன். சரி என்று அர்த்தம். அதற்குள் அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்து வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பட்டை மடித்தது அறியாமல் செய்த பிழை. இந்தச் சரி அறிந்து செய்த பிழை, அதை நான் இன்றுவரை எனக்கு மன்னிக்கவில்லை. செய்த ஒரு சின்னக் குற்றத்துக்காகச் செய்யாத பெரிய குற்றத்தை ஒருநாளும் தலையில் ஏற்றிக்கொள்ளாதே, மகனே. இறக்கி வைக்க இடம் கிடைக்காது.

பிறகு நடந்தது உனக்குப் பாதி தெரியும். இந்த ஊரில் வீட்டு வேலை வாய்ச்சொல்லில்தான் கிடைக்கும். ஒரு சிஞ்ஞோரா இன்னொரு சிஞ்ஞோராவுக்குச் சொல்லவேண்டும். என்னைப் பற்றி அவள் நன்றாகத்தான் சொல்லியிருக்கிறாள். வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் கூடை கூடையாகக் கர்ச்சோஃபி உரிக்கும் வேலைதான் மிஞ்சியது. அந்தக் காய் உரித்தால் விரல் கறுக்கும், எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது. உன் பள்ளிக்கூட விழாக்களுக்கு நான் கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி வந்ததற்குக் காரணம் குளிர் என்று நினைத்திருப்பாய். நம்முடைய சனமும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் தமிழ்ப் பூசையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள், நற்கருணை வாங்க எழும்பியபோது தன் கைப்பையையும் எடுத்துக்கொண்டு போனாள். அவளுடைய பிள்ளையின் முதல் நன்மைச் சட்டைக்கு முத்துத் தைத்துக் கொடுத்தவள் நான்.

அப்பா நல்ல மனுஷன். "விடுமப்பா, கடவுள் பாத்துக்கொள்ளுவார்" என்று எட்டு வருடமாகச் சொல்லுகிறார். கடவுள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவளுக்கு ஒரு தலைவலி கூட வரவில்லை. இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கப்போகிறது, ஜுபிலிப் புனித வருடத்துக்கு முன்னால் எல்லாரையும் மன்னித்துவிடுங்கள் என்று சுவாமி வாராவாரம் பிரசங்கம் வைக்கிறார். எல்லாரையும் மன்னித்துவிட்டேன். கைப்பைக்காரியையும் மன்னித்துவிட்டேன். இவள் ஒருத்திக்கு மட்டும் என்னிடம் ஜுபிலி இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். "மனஸ்தாபப்படுறீங்களோ, அம்மா?" என்று கேட்டார். "இல்லை சுவாமி" என்றேன். பாவப்பொறுத்தல் இல்லாமலே எழும்பி வந்தேன்.

இந்த ஆத்திரம் கொஞ்சம் ஆறியிருக்கலாம், போன வருடம் அவளைப் பாண் கடையில் காணாமல் இருந்திருந்தால். கைத்தடியோடு நின்றாள். ஒன்று தலையைக் குனிவாள் அல்லது முகத்தைத் திருப்புவாள் என்று காத்து நின்றேன். என்னைப் பார்த்துச் சிரித்து, "அந்த மேல்தட்டில் இருக்கிற ரொட்டியை எடுத்துக் கொடு, கண்ணே" என்றாள். என்னை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. என் பெயரைக் கெடுத்தவள் என் முகத்தையும் மறந்துவிட்டாள். நான் எடுத்துக் கொடுத்தேன், மகனே. அதற்காகவே அவளை இன்னும் கூடுதலாக வெறுக்கிறேன்.

இப்போது அந்தப் பட்டு உன் கைக்கு வந்திருக்கிறது. நான் எங்கும் தேடிப் போகவில்லை, அதுவாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ சொதி குடித்துக்கொண்டிருந்தபோது நான் நினைத்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். "தண்ணி பட்டால் சரி அம்மா, நிறமெல்லாம் கரைஞ்சு ஓடும்" என்று நீ சொன்னாய். ஒரு கோப்பைத் தண்ணீரைத் தட்டிவிடு என்று உன்னிடம் கேட்க என் நாக்கு நுனிவரை வந்தது. கேட்காமல் விட்டதற்கு என் நல்ல மனசு காரணமில்லை. பட்டு அழிந்தால் அவளுடைய தையலும் அதோடு அழிந்துபோகும். அப்படியொரு உதவியை நான் அவளுக்குச் செய்யமாட்டேன்.

ஆகவே பிளோரன்ஸில் அந்த மூன்று துண்டையும் உன் உயிரைப்போலப் பார். ஒற்றைத் துண்டாக நிற்கும் திரையின் அஸ்தரை மெதுவாகப் பிரி. ஓரம் மடித்துத் தைத்திருக்கும். அந்தத் திரையில் ஒரு நீலப் பறவை இரண்டு துண்டுக்கும் பொதுவாக இருந்தது, உடம்பு ஒன்றில், வால் மற்றதில். நத்தாருக்கு மேசையில் பார்த்தபோது உடம்பு ஓரம்வரை முழுதாக இருந்தது, அவசரத்தில் மூட்டுக்கு அப்பால் கத்தரித்திருக்கிறாள். மடிப்புக்குள்ளே வாலின் அடிப்பகுதி இன்னும் இருக்கும். தையலை எண்ணிப் பார், ஐந்துக்கு ஒரு முடிச்சு இருக்கும். அஸ்தரையும் அவளே பிடித்தாள், வழக்கமான தையல்காரியிடம் கொடுக்கவில்லை. களவெடுத்துக்கொண்டு ஓடுகிறவள் மிச்சத் துணி நூல் பிரியாமல் இருக்கக் கரை மடித்துத் தைத்துவிட்டா ஓடுவாள்? பழுதுபார்க்கக் கொடுத்தது ரோமில் இருக்கும் அக்கா என்று சொன்னாய். நீ எழுதும் அறிக்கை அவருக்குப் போகும். அந்தத் தையலைக் கிட்டத்தில் படமெடுத்து ஒட்டு. யாருடைய கை என்று நீ எழுதவே வேண்டாம். அதே மடத்தில் அதே கன்னியரிடம் பழகியவருக்குப் பார்த்தவுடனே தெரியும். தன் பங்கைத் திருடியது யார் என்று எட்டு வருடம் கழித்துத் தன் கண்ணாலேயே காணட்டும். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் ஒரு மேசையில் எப்படி இருந்து சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை. பார்க்கக் கிடைக்காது, நினைத்துக்கொள்வேன்.

மடிப்புக் கோடுகளையும் எழுதவேண்டும். என் பழுதை மெல்லக் கடந்துபோக உனக்கு மனம் வரும், நீ என் பிள்ளை. அப்படிச் செய்யாதே. நீ ஒரு கோட்டை மறைத்தால் அவள் அந்த ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு மிச்சம் எல்லாவற்றையும் பொய்யாக்கிவிடுவாள். அவளுக்கு அது கைவந்த கலை, நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். எத்தனை கோடு, எவ்வளவு வெடிப்பு, எத்தனை பூ போனது, ஒன்று விடாமல் எழுது. பிளோரன்ஸில் இறங்கியவுடனே உன் மாஸ்திராவிடம் நீ யாருடைய மகன் என்று சொல்லிவிடு. அவர் உன்னை அந்த வேலையிலிருந்து விலக்கினால் விலகு. அஸ்தரை எந்தக் கை பிரித்தாலும் உள்ளே இருக்கும் தையல் அதுதான்.

இதனால் உனக்குக் கெட்ட பெயர் வரலாம். உன் பட்டறைக்கு வேலை கொடுக்கும் பெரிய வீடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தம். இந்தக் கடிதம் எழுதப்போகிறேன் என்று அப்பாவிடம் நேற்றுச் சொன்னேன். நாங்கள் கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் என்னோடு அப்படிக் கோபப்பட்டதில்லை. "பிள்ளையின்ரை வாழ்க்கையோடை விளையாடாதையும்! உம்மடை கோவத்துக்கு அவனைப் பலி குடுக்கப் போறீரோ?" என்றார். அவர் சொல்வது சரி. உன்னை இந்தச் சண்டைக்குள் இழுப்பது ஒரு தாய் செய்யும் வேலை இல்லை. உனக்காக வாயை மூடிக்கொண்டு எட்டு வருடம் இருந்தேன், இப்போது எனக்காக உன்னை வாய் திறக்கச் சொல்கிறேன். முடியாது என்றால் கப்பலிலிருந்தே இதைக் கிழித்துக் கடலில் போட்டுவிடு. நான் ஒருநாளும் கேட்கமாட்டேன். ஆனால் மனம் சமாதானமாகிவிடும் என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன்.

சப்பாத்துச் சத்தம் படியில் கேட்கிறது, வந்துவிட்டீர்கள். இன்னும் ஒரேயொரு விஷயம். அறிக்கையில் அந்த மடிப்புகளைப் பற்றி எழுதும் இடத்தில் "வீட்டு வேலைக்காரி ஒருத்தி" என்று எழுதாதே. "மரியா" என்றும் எழுதாதே. என் பெயரைக் கடவுச்சீட்டில் இருக்கிறபடி, அப்பாவின் பெயரோடு, ஒரு எழுத்தும் விடாமல் எழுது. அக்கா கொண்டுபோய்க் காட்டும்போது சிஞ்ஞோரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை எழுத்துக்கூட்டி வாசிக்கவேண்டும்.

அம்மா